முதுகில் தொடங்கி நெஞ்சறை வரை

‘முதுகு நோகிறது’ என்று ஒருமுறையேனும் சொல்லாத மனிதர் அரியர். நெல்மூடை சுமந்தவர்க்கும், கரைவலை இழுத்தவர்க்கும், நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்தவர்க்கும் முதுகு நோவது இயல்பே. இரண்டு நாள் ஓய்ந்திருந்தால் அந்நோவு பெரும்பாலும் அகன்றுவிடும். ஆனால், ஓய்ந்திருக்க ஓய்ந்திருக்க வளர்வதும், எழுந்து நடமாடத் தொடங்கியதும் தணிவதுமாகிய விசித்திரமான முதுகு நோவு ஒன்றும் உண்டு. அதனைப் பற்றியும், அது முதுகோடு நின்றுவிடாமல் சுவாசப்பை, இருதயம், தசை ஆகிய மூன்றினையும் நாடிச் செல்லும் வகையினைப் பற்றியும் இவ்வாரம் வாசகர்களுக்குச் சிறிது கூற விரும்புகின்றோம்.

இதனை எழுதும் பொழுது எமது மனக்கண் முன் நிற்பது கிண்ணியா. ஒருபுறம் கடலும், ஒருபுறம் களப்பும், உள்ளே வயலுமாக அமைந்த அவ்வூரில் உடலுழைப்பின்றி வாழ்வோர் சிலரே. வலை இழுப்பவரும், விறகு கட்டுபவரும், வயலில் இறங்குபவரும் நிறைந்த ஊரில், இருபது வயது இளைஞன் ஒருவன் ‘இடுப்பு நோகிறது’ என்றால், ‘பாரம் தூக்கியிருப்பாய், தைலம் பூசிக்கொண்டு படு’ என்பதே வீட்டார் கூறும் விடையாகும். பத்தில் ஒன்பது தடவை அவ்விடை சரியாகவே இருக்கும். பத்தாவது தடவையைப் பற்றியே எமக்குக் கவலை.

அந்த நோயினை முள்ளந்தண்டு இறுக்க அழற்சி எனலாம். மேலைநாட்டு வைத்திய நூலார் இதற்கு ‘அங்கிலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ்’ எனப் பெயரிட்டுள்ளனர். வளைவினையும் முள்ளெலும்பினையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்த பெயர் அது. உடலைக் காக்க வேண்டிய காவற்படை தன் இல்லத்தின் மீதே படையெடுத்தாற்போல, நோயெதிர்ப்புச் சத்தியானது இடுப்பெலும்பு மூட்டுக்களையும், முள்ளெலும்புகளோடு தசைநாண்கள் வந்து பொருந்தும் இடங்களையும் தாக்குகிறது. அழற்சி தணியுந்தோறும் அவ்விடங்களிற் புதிய எலும்பு படிகிறது. அவ்வாறு படிந்து படிந்து, சிலரில் தனித்தனியே அசைந்து கொடுத்த முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி மூங்கிற்கழி போல ஆகிவிடுகின்றன.

இது நேற்று முளைத்த நோயன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பேர்னாட் கொனர் என்னும் அயர்லாந்து வைத்தியர், முள்ளெலும்புகளும் விலா எலும்புகளும் ஒரே எலும்பாக இணைந்துவிட்ட எலும்புக்கூடொன்றினை ஆராய்ந்து எழுதி வைத்தார். 1893இல் ரஷ்யாவின் பெக்தெரெவ், 1897இல் ஜேர்மனியின் ஸ்ட்ரும்பெல், 1898இல் பிரான்சின் பியேர் மரி ஆகியோர் நோயின் இலக்கணத்தை வரையறுத்தனர். 1973இல் இலண்டனிலும் லொஸ் ஏஞ்சல்ஸிலும் இயங்கிய இரு குழுவினர், ‘எச்.எல்.ஏ. பி27’ என்னும் பரம்பரை அடையாளம் இந்நோயாளரிற் பெரும்பாலோரிடம் இருப்பதைக் கண்டறிந்தனர். ஆயினும் அவ்வடையாளம் உடையவர் அனைவரும் நோயுறுவதில்லை; மிகச் சிலரே நோயுறுகின்றனர். ஆதலின், இரத்தப் பரிசோதனை ஒன்றினை மாத்திரம் கொண்டு அஞ்சுதலும் தகாது, ஆறுதலடைதலும் தகாது.

இந்நோவினைச் சாதாரண நோவிலிருந்து பிரித்தறிவது எங்ஙனம்? இது பெரும்பாலும் 45 வயதிற்கு முன்பே, திடீரென்றன்றி மெல்ல மெல்லத் தொடங்கும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும். இரவின் பிற்பாதியில் நித்திரையைக் கலைக்கும். விடியற்காலையில் முதுகு மரம்போல் இறுகியிருக்கும். அரைமணி நேரத்திற்கு மேலாகியே இளகும். ஒருநாள் வலப் பிட்டத்திலும் மறுநாள் இடப் பிட்டத்திலும் மாறி மாறி நோகும். குதிகாலும் நோகலாம். நோயாளரிற் சிலருக்கு ஒரு கண் மாத்திரம் திடீரெனச் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும். அவ்வாறாயின் மருந்துக்கடைச் சொட்டு மருந்தோடு நில்லாது, அன்றே கண் வைத்தியரை நாடுதல் வேண்டும். பிந்தினாற் பார்வைக்கே கேடு.

கிண்ணியாவிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நாளொன்றுக்கு ஐந்து வேளை தொழுகையில் குனிதலும், நெற்றி நிலத்திற் படச் சிரம் பணிதலும், மீண்டும் எழுதலும் உண்டு. முள்ளந்தண்டின் நிலையை அறிவதற்கு இதனினும் சிறந்த அன்றாடச் சோதனையை எந்த வைத்தியராலும் வகுக்க இயலாது. முதியவர்களும் நோயாளரும் கதிரையில் அமர்ந்து தொழ மார்க்கத்தில் அனுமதி உண்டு. ஆனால் இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் வைகறைத் தொழுகையில் மாத்திரம் குனிய இயலாது தவிப்பானாயின், பகலில் அவனே தாராளமாகக் குனிவானாயின், அதனைச் சோம்பல் என்று தள்ளிவிடாமல் பெற்றோர் சிந்தித்தல் வேண்டும். கோயிலில் அட்டாங்க நமஸ்காரம் செய்யும் இந்து இளைஞனுக்கும் இது பொருந்தும். எம்போன்ற ஆசிரியர்களும், காலையில் முதற் பாடவேளையில் வாங்கில் அமர்ந்திருக்க இயலாது நெளியும் மாணவனைக் கடிந்து கொள்ளுமுன் ஒரு வார்த்தை விசாரிப்பது நன்று.

பெண்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. இது ஆண்களின் நோய் என்று நெடுங்காலம் நூல்கள் கூறிவந்தன. பெண்களுக்கும் இது மிகுதியாக வருகிறது என்பதும், அவர்களில் எக்ஸ்ரே படத்திற் தெரியாமலே பல்லாண்டுகள் நீடிக்கக்கூடும் என்பதும் இன்று தெளிவாகியுள்ளன. ஆயினும் பிள்ளை பெற்ற பெண்ணின் முதுகு நோவினைப் பிள்ளைப்பேற்றின் மீதே சுமத்திவிடுவது எமது வழக்கமாயிருக்கிறது. உலக நாடுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்க்குமிடத்து, நோய் தொடங்கியதற்கும் அதன் பெயர் தெரிவதற்கும் இடையே சராசரியாக ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அந்த ஏழு ஆண்டுகளில் உடலின் உள்ளே நிகழ்வன யாவை என்பதனையே இனிக் காண்போம்.

முதலிற் சுவாசப்பை. நாம் மூச்சினை உள்ளிழுக்கும்போது விலா எலும்புகள் வாளியின் கைபிடி போல மேலெழுகின்றன, நெஞ்சறை விரிகிறது. அவ்விலா எலும்புகள் பின்புறத்தில் முள்ளெலும்புகளோடு பொருந்தும் மூட்டுக்கள் இறுகிவிடின், நெஞ்சுக்கூடு விரிய மறுக்கிறது. அப்பொழுது நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையேயுள்ள பிரிமென்றகடு என்னும் தசை, விலா எலும்புகளின் வேலையையும் தானே சுமக்கிறது. அதனால் நோயாளி அமர்ந்திருக்கும்போது குறை தெரிவதில்லை. படியேறும் பொழுதும், சைக்கிள் மிதிக்கும் பொழுதும் மூச்சு முட்டுகிறது. இதனை வீட்டிலேயே ஒருவாறு அளந்து பார்க்கலாம். தையற்காரரின் அளவு நாடாவினை மார்பினைச் சுற்றிப் பிடித்து, மூச்சினை முற்றாக வெளிவிட்டபின் ஒருமுறையும், முற்றாக உள்ளிழுத்தபின் ஒருமுறையும் அளந்திடுக. நல்ல தேகாரோக்கியமுள்ள இளைஞரில் இவ்விரு அளவுகளுக்கும் இடையே பொதுவாக 5 சென்ரிமீற்றர் அளவு வேற்றுமை இருக்கும். அது 2.5 சென்ரிமீற்றருக்குக் குறைவாயின் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். இது நோயைத் தீர்மானிக்கும் சோதனையன்று. கதவைத் தட்டும் ஓசை மாத்திரமே.

நோய் நீண்டகாலம் நீடித்த ஒரு சிலரில், சுவாசப்பைகளின் உச்சிப்பகுதி தழும்பேறிச் சுருங்குவதும் உண்டு. எக்ஸ்ரே படத்தில் அது கசரோகம் போலவே தோற்றமளிக்கும். கசரோகம் இன்னும் ஒழியாத எமது நாடுகளில் இம்மயக்கம் நேர்வது வியப்பன்று. ஆகவே நெஞ்சுப் படம் எடுக்கச் செல்வோர், தமக்கு முள்ளந்தண்டு அழற்சி உண்டென்பதை வைத்தியரிடம் தாமாகவே கூறுதல் வேண்டும். சளிப் பரிசோதனையே உண்மையைப் பிரித்துக் காட்டும்.

அடுத்து இருதயம். இங்கே தீங்கு இருவழிகளில் வருகிறது. ஒன்று, நேர்வழி. இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் அடிப்பாகத்தில் அழற்சி தோன்றி, அதன் சுவர் தடித்து, வாயிலிலுள்ள வால்வு சரிவர மூடாது போகிறது. வெளியே தள்ளப்பட்ட குருதியில் ஒரு பகுதி மீண்டும் உள்ளே வழிகிறது. ஒருமுறை செய்த வேலையை இருமுறை செய்யும் கூலியாள் போல இருதயம் களைத்து விரிகிறது. அவ்வாயிலின் அண்மையிலேயே, இருதயத் துடிப்பினைக் கடத்தும் மின்வழியும் செல்கிறது. அழற்சி அங்கும் பரவினால் துடிப்பு தடைப்பட்டுத் தலைசுற்றும், மயக்கமும் நேரும். இவை எல்லோருக்கும் வருவனவல்ல; நோய் முதிர்ந்தவர் சிலருக்கே வருவன. குழல் வைத்துக் கேட்டலும், ஈ.சீ.ஜி. படமும், தேவையாயின் எக்கோ பரிசோதனையும் இவற்றை வெளிப்படுத்திவிடும்.

மற்றது மறைவழி. உடலில் ஓயாது கனன்றுகொண்டிருக்கும் அழற்சி இரத்தக் குழாய்களின் உட்சுவரையும் பழுதாக்கி, கொழுப்புப் படிவதை விரைவாக்குகிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இந்நோயாளர் 21 ஆயிரத்துக்கும் அதிகமானோரை ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, இருதய, இரத்தக்குழாய் நோய்களால் இறக்கும் ஆபத்து இவர்களுக்கு ஏனையோரினும் மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகம் என்று காட்டியது. முதுகு நோவுடைய ஒருவரின் குருதியமுக்கத்தையும், கொழுப்பையும், நீரிழிவையும் கவனிக்க வேண்டியது ஏன் என்பதற்கு இதுவே விடை. விலா மூட்டுக்களின் அழற்சியாலும் நெஞ்சு நோகும். ஆனால் ‘இது பழைய வாத நோவுதான்’ என்று தாமே தீர்ப்புக் கூறிக்கொள்வது ஆபத்து. நெஞ்சு நோவுடன் வியர்வையோ, மூச்சுத் திணறலோ, கையிலும் தாடையிலும் பரவும் நோவோ இருப்பின் உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

மூன்றாவது தசை. இதனைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அழற்சியைத் தூண்டும் ‘ரி.என்.எஃப்.’ என்னும் புரதம் உடலில் மிகுந்தால் தசை கரைகிறது. உடலை உருக்கும் பொருள் என்று வேறொரு பெயரால் தனியே ஆராயப்பட்டு வந்ததும் இதே புரதந்தான் என்பது 1985இல் தெரியவந்தது. இதனோடு நோவுக்கு அஞ்சி அசையாதிருத்தலும் சேர்ந்துகொள்ள, முதுகினை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் மெலிந்து அவற்றினிடையே கொழுப்பு புகுகிறது. தசை மெலிந்தவர் விரைவிற் களைக்கிறார், களைத்தவர் படுக்கிறார், படுத்தவரின் தசை மேலும் மெலிகிறது, நெஞ்சறை மேலும் இறுகுகிறது, இருதயமும் பயிற்சியின்றித் தளர்கிறது. மூன்று உறுப்புக்களும் ஒரே கயிற்றிற் கட்டுண்டவை என்பதை வாசகர்கள் இப்போது உணர்வார்கள்.

அக்கயிற்றை அவிழ்க்கும் முடிச்சும் ஒன்றே. அதுவே உடற்பயிற்சி. ‘நோயாளியை ஓய்ந்திருக்க விடு’ என்னும் பழமொழி போன்ற அறிவுரை இந்நோயில் நஞ்சாகும். நோர்வே நாட்டின் ஆய்வாளர் 100 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மூன்று மாதங்கள் இருதயம் வேகமாகத் துடிக்கும் அளவிலான கடும் பயிற்சியும், தசையை வலுவாக்கும் பயிற்சியும் அளித்தனர். கடும் பயிற்சி நோயைக் கிளறிவிடும் என்ற அச்சம் பொய்த்தது. பயிற்சி செய்தவர்களின் நோவும் களைப்பும் இறுக்கமும் குறைந்தன. அவர்தம் இருதய வலிமையும் கூடியது. ஆயினும் இருதயத்தைப் பரிசோதியாமல் எவரும் தாமாகவே கடும் பயிற்சியில் இறங்குதல் கூடாது.

கிரிக்கெட் ஆட்டத்தை விரும்பும் மாணவர்களுக்கு ஓர் உதாரணம் கூறுவோம். இங்கிலாந்து அணியின் தலைவராயிருந்த மைக்கல் அதர்ட்டன் இந்நோயுடையவர். 1995ஆம் ஆண்டு டிசெம்பரில் ஜோஹன்னஸ்பேர்க் நகரில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அவர் 643 நிமிடங்கள் துடுப்பெடுத்தாடி, ஆட்டமிழக்காது 185 ஓட்டங்கள் பெற்றுத் தோல்வியைத் தவிர்த்தார். நோயின் பெயரை அறிந்து, அதற்கேற்ப உடலைப் பேணியவருக்கு வாழ்வு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நாம் செய்யத்தக்கன யாவை? விடியலில் வெந்நீரிற் குளித்து முதுகை இளக்கியபின், சுவரோடு குதிகாலும் பிட்டமும் தோளும் தலையும் படுமாறு நிமிர்ந்து நிற்கப் பழகுக. இரு கைகளையும் விலாப்புறத்தில் வைத்து, அக்கைகள் விலகும்படியாக ஆழ்ந்து மூச்செடுக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்க. பிராணாயாமம் அறிந்தோர்க்கு இது புதிதன்று. நாளில் கால்மணி நேரமாவது குப்புறப் படுத்திருத்தல் முதுகு முன்வளைவதைத் தடுக்கும். தலையணை தாழ்வாக இருக்கட்டும். வாரத்தில் 150 நிமிடங்களேனும் விரைந்து நடத்தலோ, நீந்துதலோ, சைக்கிள் ஓட்டுதலோ நன்று. கடலோரத்தில் வாழ்வோர்க்கு நீச்சல் இறைவன் அளித்த கொடை. சூடையும் சாளையும் பருப்பும் முட்டையும் தசைக்கு வேண்டிய புரதத்தை அளிக்கும். விலையுயர்ந்த சத்துமா தேவையில்லை.

சிகரெட்டும் பீடியும் சுருட்டும் அறவே விலக்கத்தக்கன. புகை சுவாசப்பையையும் இருதயத்தையும் கெடுப்பது யாவரும் அறிந்தது. முள்ளந்தண்டில் எலும்பு படிவதையும் அது விரைவாக்குகிறது என்பது பலர் அறியாதது. வீட்டில் தந்தை புகைப்பவராயின், மகனின் நோய்க்காகவேனும் அவர் அதனைக் கைவிடுவாராக.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் எமது மாவட்டத்திலேயே உள்ளன. இராவணனின் தாயாரின் ஈமக்கிரியைகளோடு தொடர்புபட்ட ஐதிகமுடைய அக்கிணறுகளில் நீராடினால் வாத நோவு தணியும் என்று முதியோர் சொல்வதுண்டு. வெப்பம் இறுகிய தசையை இளக்கும் என்பது மெய்யே. ஆனால் இளகிய தசையை அசைத்துப் பயிற்றாவிடின் அவ்விதம் சில மணி நேரத்திற்கே. உள்ளே கனலும் அழற்சியை எந்த வெந்நீரும் அவிக்காது. இன்னொரு எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். இறுகிய முள்ளந்தண்டு வலியதன்று. உள்ளே எலும்பு மெலிந்து, காய்ந்த மூங்கில் போல எளிதில் முறியக்கூடியது. ஆகவே முதுகின் மீதேறி மிதித்தலும், கழுத்தினை நெட்டி முறித்தலும் பெருங்கேடு. விழுந்தபின் புதிதாக நோவு தோன்றின் எக்ஸ்ரே எடுக்காது இருத்தலாகாது.

மருந்துகளும் வளர்ந்துள்ளன. முதற்படியாக அழற்சி தணிக்கும் மாத்திரைகள் தரப்படுகின்றன. அவை நோவினைப் பெரிதும் குறைப்பினும், வயிற்றையும் சிறுநீரகத்தையும் குருதியமுக்கத்தையும் பாதிக்கக்கூடியன. மருந்துக்கடையில் தாமே வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குதல் தகாது. நோன்பு காலத்தில் வெறும் வயிற்றில் விழுங்காது, எவ்வேளையில் உண்பதென்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். இவற்றால் அடங்காத நோய்க்கு, முன்னர் கூறிய ரி.என்.எஃப். புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகளும், பிறவும் வந்துள்ளன. பஞ்சாபின் லூதியானாவிற் பிறந்த ரவீந்தர் மைனியும், மார்க் ஃபெல்ட்மனும் இலண்டனில் வேறொரு மூட்டுவாதத்திற்காகக் கண்ட வழியே இந்நோயாளருக்கும் பின்னர் பயன்பட்டது. இம்மருந்துகளைத் தொடங்குமுன் உடலில் கசரோகம் மறைந்திருக்கிறதா என்று சோதிப்பது இன்றியமையாதது.

ஒரு காலத்தில் கிண்ணியாவிலிருந்து திருகோணமலை செல்வதென்றால் பாதைக்காகக் கரையிற் காத்திருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு ஒக்ரோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டபின் அத்தடை நீங்கியது. ஊரிலேயே தள வைத்தியசாலை உண்டு. நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. ராகமையில் வாத நோய்க்கும் புனர்வாழ்வுக்குமென்றே தனி வைத்தியசாலை உண்டு. அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம். களப்பினைக் கடக்கப் பாலம் அமைந்துவிட்டது. ‘சின்ன வயதில் என்ன முதுகு நோவு’ என்னும் அலட்சியத்தைக் கடப்பதே இன்னும் எஞ்சியுள்ளது.

வாசகர்களை நாம் வேண்டிக்கொள்வது இவ்வளவே. உங்கள் இல்லத்தில் நாற்பத்தைந்து வயதுக்குட்பட்ட எவரேனும் மூன்று மாதங்களுக்கு மேலாக விடியலில் முதுகு இறுகி எழுகின்றனரா என்று இன்றே கேட்டுப் பாருங்கள். ஆம் என்று விடை வருமாயின், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், படுக்கவும் வைக்காதீர்கள். அளவு நாடாவினை எடுத்து மார்பின் விரிவை அளந்து, அக்குறிப்போடு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். உரிய காலத்தில் நோயின் பெயர் தெரிந்த இளைஞன் நிமிர்ந்து நடப்பான்; ஆழ மூச்செடுப்பான்; அவனது இருதயமும் நெடுநாள் உழைக்கும்.